தூக்குவாளிக்குள் ஒரு விருந்து

சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள எம். புதுப்பட்டி என்ற பெயர் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் வெடிவிபத்துச் செய்தியில்தான். ‘எம். புதுப்பட்டி போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்’ என்ற கடைசி வரியோடு ஊரும் மறந்துபோகும். அந்தப் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி ஒரு அட்டைப்படக் கட்டுரை என்றால், “அங்க என்னப்பா இருக்கு, பரோட்டாவ விட்டா?” என்றுதான் கேட்பார்கள். செட்டிநாட்டுச் சமையலுக்கு இருக்கிற பேர் சிவகாசி வட்டாரத்துக்கு இல்லை. திருநெல்வேலி அல்வா மாதிரி ஊரையே தூக்கி நிறுத்துகிற ஒரே பண்டமும் இல்லை.

ஆனால் விருந்தாளிக்குக் குறைவில்லை. பட்டாசு ஆர்டர் கொடுக்க வடநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள். காலண்டர், டைரி அச்சடிக்க வருகிறவர்கள் தனிக் கூட்டம். சித்திரைப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் லண்டன், சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். கூடவே ஒரு வெள்ளைக்கார மருமகனோ மருமகளோ வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பதும் இப்போது அதிசயமில்லை. வந்தவர்களுக்கு நாம் என்ன போடுகிறோம்? ஏ.சி. ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நானும் பன்னீர் பட்டர் மசாலாவும். “பாவம், காரம் ஒத்துக்காது” என்று வீட்டில் ஒரு பிரட் பாக்கெட்.

2001இல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று ஒரு கூட்டத்தில் பேசினார். அந்த நாட்டிலிருந்து வருகிறவருக்குச் சிவகாசியில் வைத்துப் பன்னீர் பட்டர் மசாலா வாங்கிக் கொடுப்பது, அவர் ஊர்ச் சாப்பாட்டையே அவருக்குத் திருப்பிப் பரிமாறுகிற வேலை. அதற்கா அத்தனை மணி நேரம் விமானத்தில் வந்தார்?

வெயிலில் வெந்த சமையல்

விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருஷம். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்கள் கரிசல் மண்ணும் வெயிலும்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கியபோது, இந்த வறட்சியே அவர்களுக்கு மூலதனம் ஆனது. தீக்குச்சிக்கு ஈரம் ஆகாது. அதன் பின்னால் வந்த பட்டாசுக்கும் ஆகாது.

அதே வெயிலில்தான் பக்கத்து மொட்டைமாடியில் மிளகாய் காய்கிறது. மோர்மிளகாய், சுண்டைக்காய், சீனியவரைக்காய், மிதுக்கங்காய் எல்லாம் காய்கின்றன. இந்த மிதுக்கு வத்தலைக் கரிசல்காட்டுக்கு வெளியே பெரும்பாலானவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். காட்டில் தானாகப் படரும் ஒரு சின்னக் கொடியின் காய். நறுக்கி, உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்து, எண்ணெயில் பொரித்தால் லேசான கசப்போடு மொறுமொறுவென்று இருக்கும். கூழுக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை.

கறியையும் வெயிலுக்குக் கொடுத்தார்கள். ஐஸ்பெட்டி வராத காலத்தில் ஒரு கிடாயை வெட்டினால் அன்றைக்கே முழுவதும் தின்று தீராது. எலும்பில்லாத கறியை வார் வாராக அறுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசிறி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டுச் சருகாகும் வரை காயவைப்பார்கள். அதுதான் உப்புக்கண்டம். வேண்டும்போது நாலு துண்டு எடுத்து, அம்மியில் தட்டி நைத்து, நல்லெண்ணெயில் வறுத்தால் ஒரு பானைச் சோறு இறங்கும். கடையில் வாங்கி விருந்தாளிக்குப் போட நினைத்தால் கிடைப்பது கஷ்டம். பெரிய மனுஷி ஒருத்தி இருக்கிற வீடாகத் தேட வேண்டும்.

ஆக, இந்த வட்டாரத்துச் சாப்பாட்டின் குணம் காரம் என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. தாங்க வேண்டும், பல நாள் கெடாமல் நிற்க வேண்டும், பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போக முடிய வேண்டும் என்பதுதான் இதன் முதல் கணக்கு. காரம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

பேஸ்ட்டியும் கம்மங்கூழும்

பட்டாசு ஆலைக்குள் அடுப்பு பற்றவைக்க முடியாது. பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் வாசலோடு நின்றுவிடும். சூடு பண்ணிச் சாப்பிடும் பேச்சே கிடையாது. விடியுமுன் எழுந்து, பொங்கி, தூக்குவாளியில் ஊற்றி, வேன் வரும்போது கையில் பிடித்துக்கொண்டு ஏறுவதுதான் இங்குள்ள ஆயிரக்கணக்கான பெண்களின் காலை. மத்தியானம் வேப்பமரத்தடியில் திறக்கும்போது அது ஆறியிருக்கும். ஆறினால் ருசி கூடுகிற சாப்பாடாக இருந்தால்தான் பிழைத்தது. அதனால்தான் பழைய சோறு, புளிச்சோறு, கம்மங்கூழ். தொட்டுக்கொள்ள வத்தல், கருவாடு, துவையல், இல்லாவிட்டால் வெறும் சின்ன வெங்காயம். சாப்பிட உட்காருமுன் கையில் ஒட்டிய அலுமினியப் பவுடரைத் தேய்த்துக் கழுவுவதற்கே ஒரு வாளித் தண்ணீர் ஆகும்.

இங்கிலாந்துக்காரருக்கு இது எளிதில் புரியும். அவர்கள் நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில் தகரச் சுரங்கத் தொழிலாளிகள் குழிக்குள் கொண்டுபோன சாப்பாடுதான் பேஸ்ட்டி. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒருவகைக் கிழங்கு ஆகியவற்றை மாவுக்குள் வைத்து, பாதி நிலா வடிவில் மடித்துச் சுட்டது. சுரங்கத்தின் ஆர்செனிக் விஷம் ஒட்டிய விரலால் ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு, பிடித்த ஓரத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ன்வால் சுரங்கங்கள் நொடித்தபோது அந்த ஆட்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். மிச்சிகன் மாநிலத்தின் வடக்குத் தீபகற்பத்தில் செம்புச் சுரங்கங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பேஸ்ட்டியும் கூடப் போனது. அங்கே பின்லாந்திலிருந்து வந்த தொழிலாளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சுரங்கங்கள் மூடிவிட்டன. ஆனால் இன்றைக்கு அந்தப் பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்குச் சாலையோரமெல்லாம் பேஸ்ட்டிக் கடைதான் கண்ணில் படும். கூலிக்காரனின் மத்தியானச் சாப்பாடு அந்த வட்டாரத்தின் அடையாளமே ஆகிவிட்டது. இங்கிலாந்திலோ 2011இல் கார்னிஷ் பேஸ்ட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் வாங்கிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் தூக்குவாளிக்கு அப்படி ஒரு மரியாதை வரவில்லை. விருந்தாளி வீட்டுக்குள் நுழைந்ததும் கூழ்ப்பானையைத் தட்டுப் போட்டு மூடுகிறோம். “அதெல்லாம் ஏழைபாழைக சாப்பாடு, அவுகளுக்குப் போடலாமா?” என்பதுதான் பதில். என் அபிப்பிராயத்தில், போட வேண்டிய முதல் சாப்பாடே அதுதான்.

கம்மங்கூழில் இருக்கிற வேலையைப் பார்த்தால் அதை எளிய சாப்பாடு என்று சொல்ல மனம் வராது. கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, உமியைப் புடைத்துத் தள்ளி, மறுபடி இடித்து மாவும் குருணையுமாகப் பிரிக்க வேண்டும். குருணையைக் கொதிக்கும் தண்ணீரில் வேகவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்க வேண்டும். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் காலையில் லேசாகப் புளித்திருக்கும். மோர் விட்டு, உப்புப் போட்டு, கையால் கரைத்து, வெங்காயத்தை நறுக்கிப் போட்டால் சித்திரை வெயில் ஒன்றும் செய்யாது. இப்போது மிக்சியும் மாவு மில்லும் இந்தப் பாட்டைக் குறைத்துவிட்டன. கோடையில் பைபாஸ் ஓரங்களில் கூழ் வண்டிகள் நிற்கின்றன. கார்க்காரர்கள் இறங்கிக் குடிக்கிறார்கள். விருந்தாளியை அங்கேயாவது நிறுத்தலாம்.

கம்பு மட்டுமில்லை, குதிரைவாலியும் இந்த மாவட்டத்துப் பயிர்தான். அரிசி என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பொங்குகிற சோறாக இருந்த காலத்தை அனுபவித்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கம்பு விதைத்த காட்டில் இப்போது கோழித்தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் நிற்கிறது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அதைப் பழிக்கவும் வாய் வரவில்லை, ஏனென்றால் மிளகாயும் நிலக்கடலையும் தக்காளியும்கூட அங்கிருந்து வந்தவையே. கொலம்பஸுக்கு முன்னால் கரிசல்காட்டுக் குழம்பு மிளகின் காரத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

விருந்தாளிக்குப் போட வேண்டிய இன்னொன்று உளுந்தஞ்சோறு. தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசி, பூண்டுப்பல், வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்து ஒன்றாக வேகவைப்பது. சுடச்சுட இலையில் போட்டு, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி, எள்ளுத் துவையலோடு சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் துவையலுக்குப் பதில் வெள்ளாட்டுக்கறிக் குழம்பு. பெரியமனுஷியான பிள்ளைகளுக்கு இதே உளுந்தில்தான் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிக் கொடுப்பார்கள். காரம் தாங்காத வெள்ளைக்காரருக்கு உளுந்தஞ்சோற்றைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. சோற்றில் மிளகாயே இல்லை. இருந்தும் எந்த ஓட்டல் பட்டியலிலும் இதைக் காண முடிவதில்லை.

சனிக்கிழமைச் சாயங்காலம்

பரோட்டாவை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு உரிய நேரம் வேறு.

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் சிவகாசி, விருதுநகர், திருத்தங்கல் எங்கே போனாலும் பரோட்டாக் கடைக் கல்லில் தட்டும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். வாரம் முழுக்க ஆறின சாப்பாடு சாப்பிட்டவர்கள் சுடச்சுடச் சாப்பிடுகிற நாள் அது. விருந்தாளியை அன்றைக்குக் கூட்டிப்போனால்தான் பரோட்டாவின் அர்த்தம் பிடிபடும். திங்கட்கிழமை மத்தியானம் காரில் போய் ஏ.சி. அறையில் சாப்பிட்டால் அது மைதா மட்டும்தான்.

விருதுநகர் எண்ணெய் பரோட்டா மற்ற ஊர்ப் பரோட்டாவிலிருந்து விலகுவது கல்லில். நடுவில் பள்ளமாக இருக்கும் பெரிய தோசைக்கல். பள்ளத்தில் எண்ணெய் குளம் கட்டி நிற்கும். பிசைந்து ஊறவைத்த மாவைச் சிறு உருண்டையாக எடுத்து, வீசி, மடித்துச் சுருட்டி, உள்ளங்கை அளவுக்குத் தட்டி, முதலில் கல்லின் ஓரத்தில் வாட்டுவார் மாஸ்டர். பிறகு அப்படியே எண்ணெய்க்குள் தள்ளிவிடுவார். பொன்னிறமாகப் பொரிந்ததும் எடுத்து எண்ணெயை வடித்து, இலையில் வைத்து, நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். முதல் வாய் மொறுமொறு, மூன்றாவது வாய்க்குள் பாதி ஊறிப்போயிருக்கும். அந்த இடைப்பட்ட நேரத்துக்குள் சாப்பிடத் தெரிய வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் போச்சு.

விருதுநகரில் பர்மா கடை என்றால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். தென்மாவட்டங்களில் பர்மா என்ற பெயர் பல கடைகளுக்கும் தெருக்களுக்கும் உண்டு. ரங்கூனுக்குப் போய்ச் சம்பாதித்து, யுத்தத்தின்போது கால்நடையாகத் திரும்பிவந்த தலைமுறை விட்டுப்போன பெயர்கள் அவை.

சால்னா தண்ணியாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் அது குருமா. பக்கத்தில் ஒரு கிண்ணம் மட்டன் சுக்கா. சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துச் செம்மறி ஆடுகளில் வேம்பூர் ஆடு என்று ஒரு இனமே உண்டு. வெள்ளை உடம்பில் செம்புள்ளி, நீளக் கால். காய்ந்த காட்டில் அலைந்து மேய்ந்த கறி கடிக்கக் கொஞ்சம் வேலை வைக்கும். ருசியும் அதில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கடலை எண்ணெய் இருந்த இடத்தில் பாமாயில் வந்துவிட்ட கடைகள் ஏராளம். எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். வெளிநாட்டு வயிறு நம் வயிறு மாதிரி மன்னிக்காது.

பெட்டியில் கட்டுகிற சாமான்கள்

விருதுநகர் வியாபாரிகளின் ஊர். 1923 வரைக்கும் விருதுபட்டி. பருப்பு, மிளகாய் வத்தல், எண்ணெய் விலைக்கு ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று பத்திரிகைகளில் தனிக் கட்டமே வரும். இந்த ஊரில் அந்தக் காலத்தில் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள் பெண்கள். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து நடத்திய க்ஷத்ரிய வித்யாசாலை 1889இல் தொடங்கியது. அங்கே படித்தவர்களில் ஒருவர் காமராஜர். பின்னால் முதலமைச்சராகி 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட முடிவெடுத்ததற்கு இந்தப் பிடி அரிசிதான் விதை என்று யாரும் நிரூபிக்க முடியாது. நான் நம்புகிறேன். விருந்தாளியிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல சாப்பாட்டுக் கதை இந்த மாவட்டத்தில் இல்லை.

சாத்தூரில் இறங்கினால் காராச்சேவு. கடலை மாவும் அரிசி மாவும் சேர்த்து, மிளகாய் வத்தலும் பூண்டும் அரைத்துவிட்டுப் பிசைந்து, துளை போட்ட கரண்டியில் வைத்து, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தக் கையைப் பார்ப்பதற்கே போகலாம். எந்நேரமும் உருளைக்கிழங்கு வறுவல் கொறிக்கிற பிரிட்டிஷ்காரர் ஒரு பொட்டலத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். கோடையென்றால் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சும் உண்டு. பஸ் நின்றதும் ஜன்னலுக்கே வந்துவிடும்.

கருப்பட்டி மிட்டாய் இன்னும் அடையாளம் தெரியாத பண்டம். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் பிழிந்து எண்ணெயில் சுட்டு, கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பது. சீனிப் பாகில் முக்கினால் சீனி மிட்டாய். வாய்க்குள் கடித்ததும் பாகு பீச்சியடிக்கும். இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் இது இல்லாமல் வீடு திரும்பினால் பிள்ளைகள் கதவைத் திறக்காது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பட்டி மிட்டாயின் பேர் இன்னும் அந்த அளவுக்கு வெளியே பரவவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குக் குறியீடு 2019இல். பாலும் சீனியும் தவிர வேறொன்றும் கிடையாது. பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சீனி. விறகடுப்பில் அகலச் சட்டியை ஏற்றி, நீளத் துடுப்பால் விடாமல் கிண்டிச் சுண்ட வைத்தால் மூன்று கிலோவும் சொச்சமும் தேறும். ஆண்டாள் கோவிலைச் சுற்றி எத்தனை கடை இருந்தாலும் கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் வாங்கச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். நல்ல பால்கோவா சற்று மணல் மணலாக, பழுப்பேறி இருக்கும். வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

கூட்டிப்போகும் மாதமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் வேண்டாம். சிவகாசியில் லாட்ஜும் கிடைக்காது, பேச ஆளும் கிடைக்காது. பங்குனி, சித்திரை நல்லது, வெயிலைத் தாங்குவாரென்றால். விடிகாலையில் பனங்காட்டுக்குக் கூட்டிப்போய் ஓலைப் பட்டையில் பதநீர், அதில் நுங்கு. பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் என்று ஊருக்கு ஊர் பொருட்காட்சியும் மிட்டாய்க் கடையும். வெயில் தாங்காதவரென்றால் தை, மாசி. அறுவடை முடிந்து புதுக் கம்பும் புது உளுந்தும் வீட்டில் இருக்கும்.

புறப்படும் நாளில்தான் சிக்கல் வரும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இறைச்சியும் பால் பண்டமும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே சட்டம். உப்புக்கண்டமும் பால்கோவாவும் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். காராச்சேவு, கடலைமிட்டாய், கருப்பட்டி எல்லாவற்றையும் தாராளமாகக் கட்டிக் கொடுக்கலாம். மிளகாய்ப்பொடியை இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். பால்கோவாவை முதல் நாள் ராத்திரியே தின்று முடிக்கச் சொல்லிவிடுங்கள். கால் கிலோ என்பது ஒரு ஆளுக்குப் பெரிய விஷயமில்லை.